உயர்நிலைப் பள்ளி பன்ட்டர் எவ்வளவு பயிற்சி செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் என்னைப் பன்ட்டராகப் போட்டிருக்கிறார்கள்" என்று சொன்னதும் பெற்றோருக்கு எழும் கேள்விகள் இவை. சில கேள்விகளைப் பிள்ளைகளே கேட்டார்கள். பள்ளி அணியில் உதைக்கும் பையன்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எண்ணிக்கை விஷயத்தில் எல்லாக் கோச்சுகளும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். என் பக்கத்துக் காரணங்களைச் சொல்லியிருக்கிறேன்.

பன்ட்டரின் வேலை என்ன? கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். மூன்று டவுனில் முடியாமல், நான்காவதிலும் முயன்று தோற்றால் பந்து அதே இடத்தில் எதிரணியின் கைக்குப் போய்விடும். அப்படிக் கொடுப்பதைவிட, எதிரணியின் எல்லைப் பக்கமாகத் தொலைவில் உதைத்துவிட்டுக் கொடுப்பது மேல். அந்த உதைதான் பன்ட். முன்வரிசையின் நடுவில் குனிந்திருப்பவர் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிவார், அது ஸ்னாப். 12 முதல் 14 கெஜம் பின்னால் நிற்கும் பன்ட்டர் அதைப் பிடித்து, கையிலிருந்து விட்டு, தரையில் படுமுன் உதைப்பார். ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறை இந்த வேளை வரும். பலமான அணி என்றால் ஒருமுறைகூட வராமல் போகலாம்.

நேரடியாகச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை உதை?

சீசனில் முழு வேகத்தில் உதைக்கும் நாட்கள் வாரத்துக்கு இரண்டு. ஆட்ட நாளைச் சேர்த்தால் மூன்று. ஒரு நாளைக்கு 30 முதல் 40 முழு உதை. புதிதாக வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் என்றால் 25 போதும். சீசன் இல்லாத மாதங்களில் வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 முதல் 50 வரை போகலாம். இரண்டு உதை நாட்களுக்கு நடுவே கால் ஆறுவதற்கு ஒரு நாள் கட்டாயம் வேண்டும். இவை மேல்வரம்புகள். இருபதாவது உதையிலேயே பந்தின் சுழற்சி கலையத் தொடங்கினால் அன்றைய பயிற்சி முடிந்தது என்று பையைக் கட்டிவிட வேண்டும்.

இதுவரை சொன்னது காலின் கணக்கு. பந்தைப் பிடிப்பது, கையில் திருப்பி அமைத்துக்கொள்வது, விடுவது ஆகிய கை வேலைகளுக்கு இந்த வரம்பு கிடையாது. அவற்றைத் தினமும் செய்யலாம், செய்ய வேண்டும். நான் பார்க்கும் பள்ளிப் பன்ட்டர்களில் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கால் ஓயும்வரை உதைக்கிறார்கள். கைக்கு ஐந்து நிமிடம் கொடுப்பதில்லை.

அவ்வளவு குறைவா? என் மகன் தினமும் பூங்காவில் நூறு உதைக்கிறான். உழைக்கிற பிள்ளையைத் தடுக்கச் சொல்கிறீர்களா?

ஆம், தடுக்கத்தான் சொல்கிறேன். பன்ட் செய்யும்போது கால் இடுப்பிலிருந்து வீசப்பட்டு, முழங்கால் விசையோடு நீண்டு, பாதம் தலை உயரம்வரை போகிறது. அந்த வீச்சின் சுமையில் பெரும்பங்கு, தொடையின் முன்தசை இடுப்பெலும்பைப் பற்றியிருக்கும் சிறிய இடத்தில் விழுகிறது. 14 முதல் 17 வயதுவரை அந்த இடத்தின் வளர்ச்சிக் குருத்தெலும்பு பலருக்கு முழுமையாக எலும்பாகியிருக்காது. அதே இழுப்பில் பெரியவருக்குத் தசை கிழியும். வளரும் பையனுக்கு எலும்பின் முனையே பிய்ந்து வரக்கூடும். உதைக்கும் ஆட்டங்களிலும் விரைவோட்டத்திலும் இருக்கும் பதின்பருவத்தினரிடம் விளையாட்டு மருத்துவர்கள் நன்கு அறிந்த காயம் இது. ஊன்றுகோலில் சில வாரங்கள், அதன்பின் நீண்ட ஓய்வு என்று அந்த சீசனே கைவிட்டுப் போகும். கீழ்முதுகு, தொடை இடுக்கு, தொடையின் பின்தசை ஆகியவையும் அதிக உதையால் பழுதாகும்.

பேஸ்பால் இதைப் பல சிறுவர்களின் முழங்கைகளைப் பலிகொடுத்த பிறகு கற்றுக்கொண்டது. பள்ளி விளையாட்டு விதிகளை எழுதும் தேசியக் கூட்டமைப்பு, 2017 சீசன் முதல் ஒவ்வொரு மாநிலமும் பள்ளிப் பந்துவீச்சாளர்களுக்கு வீச்சு எண்ணிக்கையில் வரம்பு வைத்தாக வேண்டும் என்றது. மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 15-16 வயதில் ஒரு நாளுக்கு 95 வீச்சு, 17-18 வயதில் 105. அதையடுத்துக் கட்டாய ஓய்வு நாட்கள். பன்ட்டருக்கு இப்படி யாரும் விதி எழுதவில்லை. ஓர் அணியில் ஒருவனோ இருவரோதான் உதைப்பவர்கள், அவர்கள் மைதானத்தின் மூலையில் தனியாக நிற்பார்கள், எத்தனை உதைத்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆகவே எண்ணுகிற வேலை வீட்டுக்கு வந்து சேர்கிறது.

உடம்பை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்த்தாலும் நூறு உதைக்கு நியாயம் இல்லை. அயோவா பல்கலைக்கழகத்தின் டோரி டெய்லர் 2023-இல் ஒரே சீசனில் 4,479 கெஜம் பன்ட் செய்து, 1938-லிருந்து நின்ற கல்லூரிச் சாதனையை முறியடித்தார். அவ்வளவு தூரத்துக்கும் அவர் உதைத்தது 14 ஆட்டங்களில் 93 பன்ட். ஆட்டத்துக்கு ஏழுகூட வரவில்லை. (அயோவாவின் தாக்குதல் அணி அந்த ஆண்டு எவ்வளவு திணறியது என்பதற்கும் இதுவே சாட்சி.) வரலாறு காணாத சீசனிலேயே இவ்வளவுதான் என்றால், பள்ளிப் பையனுக்கு ஆட்டம் வைக்கும் சோதனை வேறு. பக்கக்கோட்டருகே அரை மணி நேரம் சும்மா நின்று உடம்பு ஆறிப்போன பிறகு, திடீரென்று உள்ளே ஓடி, ஒரே ஒரு உதையைச் சரியாக உதைக்க வேண்டும். நூறு உதையை அடுத்தடுத்து உதைப்பவன் இதற்குப் பழகுவதே இல்லை. வாரத்தில் ஒருநாளாவது பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து ஒரு பன்ட், மறுபடி உட்கார்ந்து எழுந்து ஒரு பன்ட் என்று செய்யச் சொல்லுங்கள். பையன்களுக்கு இது பிடிக்காது. அவ்வளவு சலிப்பான பயிற்சி. ஆனால் ஆட்ட இரவுக்கு மிக அருகில் வரும் பயிற்சியும் அதுவே.

எதை உதை என்று எண்ணுவது?

அடிகள் எடுத்து வைத்து, ஏறக்குறைய முழு விசையில் உதைத்தால் ஒன்று. நின்ற இடத்திலிருந்து அல்லது ஒரே அடி வைத்து, பாதி விசையில் உதைத்தால் இரண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஃபீல்ட் கோல் (தரையில் நிறுத்திய பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது), கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) எல்லாம் கணக்கில் சேரும். அதே பையன் சாக்கரும் ஆடுகிறான் என்றால் அங்கே அடிக்கும் நீண்ட கோல் கிக்கும் சேரும். இடுப்புக்கு எந்தப் பந்து என்று தெரியாது.

கால் ஓய்வில் இருக்கும் நாட்களில் என்னதான் செய்வது?

பந்தை விடுவதைப் பழகுங்கள். பன்ட்டரின் திறமையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. முழுப் பலத்தோடு வீசிய கால், தவறாக விழுந்த பந்தைச் சந்தித்தால் அது பக்கக்கோட்டுக்கு வெளியே பாய்கிறது. சுமாரான கால், சரியாக விழுந்த பந்தைச் சந்தித்தால் 38 கெஜம் அழகாகப் போகிறது.

வலதுகால் பையனை வைத்துச் சொல்கிறேன். தையல் மேல்பக்கம் இருக்கட்டும். வலது கை பந்தின் பின்பாதியைப் பக்கவாட்டிலிருந்து விரல் பரப்பிப் பிடித்திருக்க வேண்டும். இடது கை அமைத்துக்கொடுத்துவிட்டு விலகிவிடும். கை உடம்புக்கு முன்னால் நீண்டு, இடுப்புக்குச் சற்று மேலே, உதைக்கும் காலின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். பந்தின் முன்முனை சற்றே உள்பக்கம் திரும்பி, சற்றே கீழே சாய்ந்திருக்கும். இப்போது விட வேண்டும். பந்தைத் தூக்கிப் போடக் கூடாது, கீழே அழுத்தவும் கூடாது. நிறைகுடத்தை இறக்கி வைக்கிறவர் கையை எடுப்பதுபோல, பந்து அசையாமல் கை மட்டும் விலக வேண்டும். கையில் என்ன சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் அது பாதத்துக்கு வந்து சேர வேண்டும். வழியில் ஒரு சிறு புரளல் இருந்தாலும் அந்த உதை கெட்டது.

இதை உதைக்காமலேயே பழகலாம். தரையில் ஒரு கோட்டை வைத்து, அதன்மேல் பந்தை விட்டு, அடுத்த நொடி எங்கே, எப்படி விழுந்தது என்று பாருங்கள். முதலில் நின்றபடி, பிறகு ஓரடி நடந்து, பிறகு ஆட்டத்தில் வைக்கும் எல்லா அடிகளோடும். நாளுக்கு 50 முதல் 100 முறை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டுக்குள் கம்பளத்தின் மேல் செய்யலாம், வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொண்டால். வாரம் ஒருமுறை யாராவது பக்கவாட்டில் நின்று போனில் மெதுவசைவுப் படம் எடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத புரளல் அதில் தெரியும்.

உதைத்த பந்தே குறையைச் சொல்லிவிடும். முன்முனை தூக்கி விழுந்த பந்து வானத்தைப் பார்த்து எழும்பி, பின்னோக்கிக் கரணமடித்து, அருகிலேயே விழும். முனை அதிகம் தாழ்ந்த பந்து உயரம் இல்லாமல் சீறிக்கொண்டு போகும். எதிரணியின் ரிட்டர்னர் அதை ஓடி வந்து பிடித்துத் திரும்ப ஓடுவார். வெளிப்பக்கம் விலகி விழுந்த பந்து பாதத்தின் ஓரத்தில் பட்டு வலப்புறக் கோட்டைத் தாண்டும். பையன் "இன்று கால் சரியில்லை" என்பான். பெரும்பாலும் காலில் ஒன்றும் இல்லை.

ஸ்னாப் பிடிப்பதற்கும் பயிற்சி வேண்டுமா? அது சும்மா பிடிப்பதுதானே?

பந்து ஸ்னாப்பரின் கையை விட்டு வர ஏறக்குறைய 0.8 முதல் 0.9 விநாடி. அதைப் பிடித்து உதைக்க பன்ட்டருக்கு 1.3 விநாடி. மொத்தம் 2.2 விநாடிக்குள் பந்து பாதத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். தாண்டினால் தடுக்க ஓடிவரும் கை அதைத் தொட்டுவிடும். பன்ட்டர் இந்தப் பழக்கத்தைத் தனியாக வளர்த்துக்கொள்ள முடியாது. லாங் ஸ்னாப்பராக, அதாவது பன்ட்டருக்குப் பந்தைப் பின்னால் எறிபவனாக இருக்கும் பையனோடு நட்பு வைத்துக்கொள்வது அவனுடைய முதல் கடமை என்பேன். ஸ்னாப்பர் கிடைக்காத நாளில் அப்பாவோ தங்கையோ 13 கெஜம் தள்ளி நின்று எறியலாம். நல்லதாக மட்டும் எறியக் கூடாது. காலடியில், தலைக்கு மேல், இடது பக்கம் விலக்கி, சில சமயம் தண்ணீரில் நனைத்தும் எறிய வேண்டும். பிடித்ததும் தையலைத் தேடிக் கையில் அமைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், உதைக்கத் தேவையில்லை. ஒரு நாளுக்கு 30 பிடி என்பது நல்ல அளவு.

இதில் ஒரு கூடுதல் ஆதாயம் இருக்கிறது. பல அணிகளில் ஃபீல்ட் கோலுக்குப் பந்தைப் பிடித்து நிறுத்தும் வேலையும் பன்ட்டருக்கே வருகிறது. கை நம்பகமானது என்று கோச் கண்டுகொண்டால் அணியில் இடம் உறுதி.

எவ்வளவு தூரம் போக வேண்டும்?

"எவ்வளவு நேரம் காற்றில் நிற்க வேண்டும்" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பள்ளி ஆட்டத்தில் 38 கெஜம் போய் 4 விநாடி காற்றில் நிற்கும் பன்ட், 45 கெஜம் தாழ்வாகப் பறக்கும் பன்ட்டைவிட மதிப்பு மிக்கது. 4 விநாடி நிற்கிற பந்து ஏறக்குறைய 20 மீட்டர் உயரம் போய்வருகிறது. அந்த நேரத்தில் நம் அணியினர் ஓடிச்சென்று ரிட்டர்னரைச் சூழ்ந்துவிடுவார்கள். அவர் ஓர் அடிகூட முன்னேற முடியாது. தாழ்வான பன்ட்டில் 45 கெஜம் கிடைத்து, அதில் 15 கெஜத்தை அவர் ஓடித் திரும்ப எடுத்துக்கொண்டால் மிச்சம் 30. புள்ளிவிவரத் தாளில் 45 என்றே எழுதுவார்கள். கோச் 30 என்றே நினைவில் வைப்பார்.

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ரே கை என்ற பன்ட்டரை ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணி 1973-இல் முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. அதற்குமுன் எந்தப் பன்ட்டருக்கும் கிடைக்காத மதிப்பு. அவர் பேர் பெற்றது உயரத்தால். நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் 1976-ஆம் ஆண்டின் புரோ பௌல் என்ற நட்சத்திர வீரர்கள் ஆட்டத்தில், கூரையிலிருந்து தொங்கிய தொலைக்காட்சித் திரையில் அவருடைய பன்ட் மோதியது. பன்ட்டராக மட்டுமே ஆடியவர்களில் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபத்துக்குத் தேர்வான முதல் ஆளும் அவரே, 2014-இல். சிறந்த கல்லூரிப் பன்ட்டருக்கான விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

பயிற்சியில் எல்லா உதையையும் நீளமாக உதைக்க வேண்டாம். 40 உதை என்றால் பத்தையாவது மைதானத்தின் நடுவிலிருந்து, எதிரணியின் 10 கெஜக் கோட்டருகே இறக்கும் குறுகிய பன்ட்டுக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலான மாநிலங்களின் பள்ளி விதிப்படி, பன்ட் செய்த பந்து எதிரணியின் கோல் லைனுக்கு (கடைசி எல்லைக்கோட்டுக்கு) மேலே காற்றில் கடந்தாலே டச்பேக். அதாவது எதிரணி தன் 20 கெஜக் கோட்டிலிருந்து பந்தோடு தொடங்கும். தொலைக்காட்சியில் பார்ப்பதுபோல நம் ஆள் தாவிப் பந்தைத் திருப்பித் தட்டிவிடுவது அங்கே செல்லாது. டெக்சாஸ் மாநிலப் பள்ளிகள் கல்லூரி விதிகளை ஒட்டி ஆடுவதால் அங்கே மட்டும் கதை வேறு. இன்னும் ஐந்து உதையை நெருக்கடியான இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நம் கோல் லைனுக்கு அருகில் பந்து இருக்கும்போது பன்ட்டர் பின்னால் போக இடமில்லை, 10 கெஜத் தொலைவில் நின்று விரைவாக உதைக்க வேண்டும். சீசனில் இரண்டு மூன்று முறைதான் வரும். வரும்போது பழகாதவன் கை நடுங்கும்.

சீசனில் ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது?

ஆட்டம் வெள்ளி இரவு என்று வைத்துக்கொள்வோம். திங்கள்தான் கனமான நாள். 30 முதல் 35 முழு உதை, குறுகிய பன்ட்டுகளும் அதற்குள். செவ்வாய் கால் உதைக்காது. பந்து விடுதலும் ஸ்னாப் பிடித்தலும் மட்டும். புதன் அணியோடு சேர்ந்து பயிற்சி. முன்னால் தடுக்க ஆட்கள் ஓடிவர, 20 முதல் 25 உதை. வியாழன் எட்டுப் பத்து மென்மையான உதை, அல்லது ஒன்றுமே வேண்டாம். சனியன்று நடை, நீச்சல், சைக்கிள் என்று எது பிடிக்குமோ அது. ஞாயிறு ஓய்வு.

வெள்ளியன்று ஆட்டத்துக்கு முந்தைய வார்ம் அப்தான் பெரிய பொறி. எதிரணி பார்த்துக்கொண்டிருக்கிறது, அரங்கில் விளக்கு எரிகிறது, இசைக்குழு முழங்குகிறது. பதினைந்து வயதுப் பையன் முப்பது பன்ட்டை வானத்துக்கு அனுப்பிவிட்டு, ஆட்டம் தொடங்கும்போது கால் செத்து நிற்கிறான். 12 முதல் 15 உதை, அதில் முதல் பாதி மெதுவாக. போதும்.

சீசன் இல்லாத மாதங்களில்?

நவம்பரில் சீசன் முடிந்ததும் நான்கு முதல் ஆறு வாரம் எந்தப் பந்தையும் உதைக்கக் கூடாது. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர் அமைப்பு, வளரும் பிள்ளைகள் தாங்கள் ஆடும் ஆட்டத்திலிருந்து ஆண்டுக்கு மொத்தம் மூன்று மாதமாவது விலகியிருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஒரேயடியாக இல்லாமல் மாதம் மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வும் அதே பரிந்துரையில் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் உடல் வலிமைக்கும் நெகிழ்வுக்கும் நேரம் கொடுத்து, உதையை வாரம் இரண்டு நாள், 20-25 என்று தொடங்கலாம். வசந்தத்தில் மூன்று நாள். ஆகஸ்டில் அணிப் பயிற்சி தொடங்குவதற்கு முன் ஜூலையில் ஒரு வாரம் காலுக்கு விடுமுறை கொடுங்கள்.

பன்ட்டுக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், அடி வைக்கும் முறையை மாற்ற வேண்டும் என்றால், அதற்கு வசந்தம்தான் காலம். செப்டம்பரில் எதையும் மாற்றாதீர்கள்.

ஜிம்முக்குப் போகலாமா?

போகலாம். ஒற்றைக் காலில் நின்று செய்யும் குந்துதல், இடுப்பு, வயிறு, பின்தொடை ஆகியவற்றுக்கான பயிற்சிகள் நல்லவை. எடை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஊன்றும் காலை மறக்காதீர்கள். ஒவ்வொரு உதையிலும் உடம்பின் முழு எடையைத் தாங்குவது அதுதான். கனமான கால் பயிற்சியை உதை நாளுக்கு முந்தைய நாள் வைக்க வேண்டாம்.

ஆஸ்திரேலியர்கள் ஓடிக்கொண்டே உதைக்கிறார்களே, அதையும் கற்க வேண்டுமா?

பக்கவாட்டில் சில அடி ஓடி, பந்தைத் தாழ்வாகவும் உருளும்படியும் உதைக்கும் ரக்பி முறையைச் சொல்கிறீர்கள். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் ஆடி வளர்ந்தவர்களுக்கு ஓட்டத்தில் உதைப்பது சிறுவயதுப் பழக்கம். மெல்போர்னில் நேதன் சாப்மன் 2007-இல் தொடங்கிய ப்ரோகிக் ஆஸ்திரேலியா அவர்களை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பி வருகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தின் டாம் ஹேக்கெட் 2014, 2015 இரண்டு ஆண்டும் ரே கை விருது பெற்றார். அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் மிட்ச் விஷ்னௌஸ்கி, அதற்கடுத்த ஆண்டு டெக்சாஸின் மைக்கேல் டிக்சன். மேலே சொன்ன டோரி டெய்லரும் மெல்போர்ன்காரர்தான்.

பள்ளி விதியிலும் கல்லூரி விதியிலும் ஸ்னாப் ஆனவுடனேயே உதைக்கும் அணியினர் எல்லோரும் முன்னால் ஓடலாம். தொழில்முறை லீக்கில் உதைக்கும்வரை பெரும்பாலோர் காத்திருக்க வேண்டும். பன்ட்டர் ஓடிக்கொண்டே நேரம் கடத்துவது பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் பயன் தருவதன் காரணம் இதுதான். ஆனாலும் நேராக நின்று உதைப்பது கைவந்த பிறகே இதைத் தொட வேண்டும். நேர்முறையில் சுழற்சி நிலைபெற்ற பையன் வாரத்துக்குப் பத்து உதையை இதற்குக் கொடுக்கலாம். அந்தப் பத்தும் மொத்தக் கணக்குக்குள் அடக்கம்.

இடுப்பின் முன்பக்கம் வலிக்கிறது, ஆனால் உதைக்க முடிகிறது. தொடரலாமா?

வேண்டாம், தம்பி. உதைத்த மறுநாள் தொடை முழுவதும் பரவலாகக் கனத்துக் கிடந்தால் அது களைப்பு. ஒரு நாளில் போய்விடும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால், படி ஏறும்போதோ காரில் ஏறக் காலைத் தூக்கும்போதோ வலித்தால், உதைக்கும்போது "டக்" என்று ஏதோ விட்டதுபோல் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பள்ளியில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னரிடம் அன்றே சொல்ல வேண்டும். அணியில் இடம் போய்விடும் என்று மறைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வலி நிவாரணி விழுங்கிவிட்டு உதைப்பது எல்லாவற்றிலும் மோசம்.

கோச் எங்களைக் கண்டுகொள்வதே இல்லை. பயிற்சி நேரத்தில் இரண்டு மணி நேரம் சும்மா நிற்கிறோம்.

பெரும்பாலான பள்ளிகளில் இதுதான் நிலை. உதையை ஆழமாக அறிந்த கோச் கிடைப்பது அரிது. சும்மா நிற்பதன் ஆபத்து சலிப்பு. சலிப்பில் பையன்கள் போட்டி போட்டு உதைப்பார்கள், எண்ணிக்கை எகிறிவிடும். ஒரு காகிதத்தில் அன்றைய திட்டத்தை எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்: முதலில் பந்து விடுதல், பிறகு பிடித்தல், அதன்பின் உதை இத்தனை, காற்றில் நின்ற நேரம் இவ்வளவு. போனின் நிறுத்துகடிகாரம் போதும். அந்தக் காகிதத்தை மாதக் கடைசியில் கோச்சிடம் காட்டுகிற பையனை அவர் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

மழை, காற்று, குளிர்?

மூன்றிலும் பயிற்சி வேண்டும், எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு. குளிரில் பந்து கல்லாகும், தசையும் இறுகியிருக்கும். வார்ம் அப் இரண்டு மடங்கு, உதை பாதி. எதிர்காற்றில் பந்தைச் சற்றுத் தாழ்வாகக் கையை விட்டுப் பிரியவிட வேண்டும். விழும் தூரம் குறைந்தால் காற்று அதைக் கலைக்க நேரம் இல்லை.

கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? முகாம்களுக்குப் பணம் கட்டலாமா?

கணக்கு கடினமானது. ஒரு கல்லூரி அணியில் பன்ட்டர் ஒருவர், மிஞ்சினால் இருவர். ஒருவர் வந்தால் மூன்று நான்கு ஆண்டு இடத்தை விடமாட்டார். 2025 முதல் பெரிய கல்லூரிகள் பலவற்றில் அணிக்கு 105 பேர் என்ற வரம்பும் வந்துவிட்டது. இருபது வயதைத் தாண்டிய ஆஸ்திரேலியர்களும் அதே இடத்துக்குப் போட்டியில் நிற்கிறார்கள். 45 கெஜமும் 4.5 விநாடியும் சேர்ந்து, திரும்பத் திரும்ப வருகிற பையனைத்தான் மேல்மட்டக் கல்லூரிகள் தேடுகின்றன. சிறிய கல்லூரிகளில் வாசல் இன்னும் அகலம்.

ஆண்டுக்கு ஒரு நல்ல முகாம் பயனுள்ளது. அறிந்தவர் கண் ஒன்று பையனைப் பார்க்கும். கோடை முழுக்க ஊர் ஊராக முகாமுக்கு அழைத்துப் போவதைத்தான் நான் ஏற்கவில்லை. பணம் ஒருபுறம் இருக்கட்டும். ஒவ்வொரு முகாமிலும் பையன் தன்னைக் காட்டிக்கொள்ள முழு விசையில் உதைப்பான். மூன்று முகாம் அடுத்தடுத்து வந்தால் மேலே சொன்ன எல்லா வரம்பும் காற்றில் போய்விடும்.

நேற்று ஆட்டத்தில் என் பன்ட் 12 கெஜத்தில் வெளியே போய்விட்டது. இன்று சனிக்கிழமை. மைதானத்துக்குப் போய் அதைச் சரிசெய்துவிட்டு வரலாமா?

இன்று உதைக்காதே. ஆட்டப் படத்தை வாங்கி அந்த ஒரு பன்ட்டை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார். ஸ்னாப் எங்கே வந்தது, கை எந்த உயரத்தில் பந்தை விட்டது, முனை எந்தப் பக்கம் திரும்பியது என்று பார். பெரும்பாலும் ஸ்னாப் ஒரு பக்கம் விலகி வந்திருக்கும், நீ அவசரத்தில் பந்தை உடம்புக்கு வெளியே விட்டிருப்பாய். திங்கட்கிழமை ஸ்னாப்பரை அதே பக்கம் விலக்கி எறியச் சொல்லி இருபது முறை பிடித்து, அமைத்து, கோட்டின்மேல் விடு. அதற்குப் பிறகு உதை.